மெஷின் சின்னது, அழுத்தம் பெரியது

என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு கார் கண்ணாடிக் கூடு வைத்திருக்கிறேன். பக்கவாட்டுக் கண்ணாடியின் முதுகில் மாட்டும் அந்த வெள்ளை மூடிதான். அதன் விளிம்பில் அரிசி அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. அழுக்கு இல்லை. பெயின்ட், அடியில் இருந்த பிரைமர் எல்லாம் போய், பிளாஸ்டிக்கே வெளியே எட்டிப்பார்க்கிறது. செய்தவன் நான்தான். அதற்கு ஐந்து விநாடிகூட ஆகவில்லை.

அடுக்ககத்தின் பார்க்கிங் தூணில் கண்ணாடி உரசி, கோடு கோடாகக் கீறல் விழுந்திருந்தது. ஆழமான கீறல் இல்லை, நகத்துக்குத் தட்டுப்படவில்லை. கையால் ரப்பிங் காம்பவுண்டைத் தேய்த்துத் தேய்த்து மணிக்கட்டு வலித்ததுதான் மிச்சம். வீட்டில் நாலு இன்ச் கிரைண்டர் ஒன்று இருந்தது. கல்லைக் கழற்றிவிட்டு ஸ்பாஞ்ச் பேடை மாட்டி, விளிம்பில் வைத்தேன். ஒரு கருகல் வாசனை வந்தது. எடுத்துப் பார்த்தால் கறுப்பு.

புதுப்பேட்டைப் பக்கம் டிங்கரிங் ஷெட் ஒன்றில் வேலை செய்யும் பெயின்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், “டைல்ஸ் அறுக்கிற மெஷினால மூஞ்சி தொடச்சிருக்கீங்களே சார்” என்றார். அப்புறம்தான் சின்ன பாலிஷ் மெஷின்களைப் பற்றி ஒழுங்காக விசாரிக்க ஆரம்பித்தேன்.

அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கார் பானெட்டில் ரப்பிங் போடும் பெரிய மெஷினில் ஆறு இன்ச் பேடு மாட்டி 1,500 சுற்றில் ஓட்டினால், பேடின் ஓரம் விநாடிக்கு சுமார் 12 மீட்டர் வேகத்தில் போகிறது. ஊருக்குள் ஸ்கூட்டர் போகிற வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 11,000 தடவை சுற்றும் நாலு இன்ச் கிரைண்டரில் அதே ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். பெயின்ட் அந்த வேகத்தைத் தாங்காது. நான் மாட்டிய ஸ்பாஞ்சும் அதற்குச் செய்யப்பட்டதல்ல. இரண்டு இன்ச் பேடை 1,500 சுற்றில் ஓட்டினால் சைக்கிள் வேகம்தான். எனவே சின்ன மெஷினில் சுற்று எண்ணைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்திருப்பார்கள். அது தவறில்லை. எவ்வளவு குறைந்த சுற்றில் அது கிளம்புகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச சுற்றும் வாட்ஸும் கடைக்காரருக்குத்தான் பயன்படும்.

வேகத்தை விட எனக்கு அதிர்ச்சி தந்தது இன்னொரு கணக்கு. மெஷினின் எடையும் கையின் அழுத்தமும் சேர்ந்து மூன்று கிலோ என்று கொள்வோம். ஆறு இன்ச் பேடின் பரப்பில் அது சதுர சென்டிமீட்டருக்குப் பதினாறு கிராம்தான். அதே மூன்று கிலோவை இரண்டு இன்ச் பேடில் போட்டால் 150 கிராம். ஒரு இன்ச் பேடில் 600 கிராம். பேடு சின்னதாகச் சின்னதாக நம் கை பூதாகரமாகிவிடுகிறது. சின்ன மெஷின்தானே, மென்மையாக இருக்கும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சின்ன மெஷினுக்கு எடை குறைவாக இருக்க வேண்டும் என்பது தூக்கும் வசதிக்காக மட்டும் இல்லை. அந்த எடை முழுவதும் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

தேய்ந்து போவதற்கு அங்கே இருப்பதும் கொஞ்சம்தான். கம்பெனியில் அடித்து வரும் பெயின்டில் மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரான். நாம் படித்துவிட்டு மடித்துவைக்கும் செய்தித்தாளின் ஒற்றைத் தாளை விட மெல்லியது. கீறல் கிளியர் கோட்டோடு நின்றிருந்தால்தான் பாலிஷுக்கு வேலையே. கீறலைச் சுற்றியுள்ள மேடு குறைந்து மட்டமானால் அது கண்ணுக்குத் தெரியாது. விளிம்பில் சங்கதி வேறு. ஈரமான பெயின்ட் கூர்மையான ஓரத்தில் நிற்காது. இரண்டு பக்கமும் வழிந்து விலகிவிடும். அதனால் ஓரத்தில் பூச்சு எப்போதும் மெல்லிசு. கண்ணாடிக் கூடு, கதவுக் கைப்பிடி, பைக் மட்கார்டு, ஸ்கூட்டரின் டூம் எதை எடுத்தாலும், சின்ன பாகம் என்றாலே ஓரம்தான் அதிகம், சமதளம் குறைவு.

போதாக்குறைக்கு இவற்றில் பாதி பிளாஸ்டிக். இரும்புத் தகடு சூட்டை வாங்கிச் சுற்றிலும் கடத்திவிடும். பிளாஸ்டிக்குக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பேடு நின்ற இடத்திலேயே சூடு நிற்கும். இடையிடையே மெஷினை நிறுத்தி விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு வரைக்கும் பரவாயில்லை. விரலை எடுக்கத் தோன்றினால் பேடையும் எடுத்துவிட வேண்டும்.

இனி மெஷினுக்கு வருவோம். அடிப்படையில் இரண்டு ஜாதி. ஒன்று, நடு அச்சில் சும்மா சுழல்வது, ரோட்டரி என்பார்கள். இன்னொன்று, சுழன்றுகொண்டே அச்சு விலகி வட்டமும் அடிப்பது. ஷெட்டுகளில் டி.ஏ. மெஷின் என்றால் இதுதான். ரோட்டரி வேகமாக வெட்டும். கை தப்பினால் பூச்சைத் தின்னும், வண்டியை வெயிலில் நிறுத்தினால் தெரிகிற சிலந்தி வலை மாதிரிச் சுழிகளை விட்டுப்போகும். டி.ஏ.வில் பேடு ஒரே பாதையில் திரும்பத் திரும்ப ஓடாது என்பதால் சுழியும் குறைவு, சூடும் குறைவு.

அப்படியானால் டி.ஏ.வே வாங்கிவிடலாமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அது எத்தனை மில்லிமீட்டர் விலகி ஆடுகிறது என்பதில் இருக்கிறது சூட்சுமம். த்ரோ என்று சொல்கிற அந்த அளவு பெரிய மெஷின்களில் 15, 21 என்று இருக்கும். பானெட்டில் அது வரம். கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் குழியில், மோதிரமும் நகமும் கீறிய அந்த உள்ளங்கை அளவுப் பள்ளத்தில், பெரிய ஆட்டம் ஆடும் மெஷினை விட்டால் பேடு குதித்துச் சுவரில் இடிக்கும். 3 மி.மீ. ஆட்டம்தான் அங்கே அடங்கி உட்காரும். 12 மி.மீ. ஆட்டம் பைக் டேங்க்கின் பக்கவாட்டுக்கும் மட்கார்டின் முதுகுக்கும் நன்றாக இருக்கும்.

டி.ஏ.வுக்கு இன்னொரு குணமும் உண்டு. வளைவில் ஒரு பக்கமாக அழுத்தம் விழுந்தால் பேடு சுற்றுவதை நிறுத்திவிட்டு அதிர்ந்துகொண்டு மட்டும் இருக்கும். சத்தம் மாறாது; வேலை நடக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். அந்த பெயின்டர் பேடைத் தாங்கும் பிளேட்டின் பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தார். கோடு தனியாகக் கண்ணில் படாமல் மங்கலாக ஓடினால் பேடு சுற்றுகிறது. நின்று நடுங்கினால் சாய்த்துப் பிடித்திருக்கிறோம். விலையில்லாத கருவி. என் மெஷினில் நான் முதலில் செய்தது அந்தக் கோடுதான்.

இரண்டு ஜாதியையும் ஒரே மெஷினில் வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. இத்தாலியின் ரூபெஸ், ஜெர்மனியின் ஃபிளெக்ஸ் இரண்டு கம்பெனிகளிடமும் பேட்டரியில் ஓடும் சின்ன மெஷின் உண்டு. தலையைக் கழற்றி மாற்றினால் ரோட்டரி, 3 மி.மீ., 12 மி.மீ. என மூன்று விதமாக ஓடும். ரூபெஸில் நீளக் கழுத்து, குட்டைக் கழுத்து என இரண்டு வகை. நீளக் கழுத்து இடுக்கில் நுழையும். குட்டைக் கழுத்து கைக்கு அடங்கும். டீடெய்லிங்கையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இவற்றில் ஒன்றை வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை கீறல் எடுக்கிற என் போன்றவர்களுக்கு அந்த விலை கட்டாது.

நமக்கு வேறு வழி இருக்கிறது. வீட்டில் பேட்டரி டிரில் இருந்தால், அதன் சக்கில் மாட்டும் தண்டு வைத்த மூன்று இன்ச், இரண்டு இன்ச் பிளேட்டுகள் கிடைக்கின்றன. டிரில்லின் சுற்று பெரும்பாலும் 1,500க்குள் அடங்கும். விசையை மெல்ல அழுத்தினால் மெல்லச் சுற்றும். குறை என்னவென்றால், டிரில்லின் கனம் பேடுக்கு நேர் மேலே இல்லாமல் பின்னால் தள்ளி இருப்பதால் பேடு சாய்ந்துகொண்டே இருக்கும். இடது கையால் தலைப்பக்கத்தைத் தாங்கிக்கொண்டால் சமாளிக்கலாம். நகை பாலிஷுக்கும் மரவேலைக்கும் பயன்படுகிற பென்சில் மாதிரியான குட்டி ரோட்டரி கருவியைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். அவற்றில் பல ஐயாயிரம் சுற்றுக்குக் கீழே இறங்காது. பெயின்டில் படும் இடமோ கடுகளவு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

மெஷினை விடப் பேடுக்குத்தான் அதிகம் செலவாகும் என்பதை யாரும் முதலில் சொல்வதில்லை. சின்ன பேடு சீக்கிரம் காம்பவுண்டைக் குடித்து அடைத்துக்கொள்ளும், சூடேறும், நடுவில் ஒட்டு விட்டுப்போகும். ஒரே பேடை வைத்து வேலையை முடிக்கப் பார்ப்பது ஒரே கரண்டியில் சாம்பாரும் பாயசமும் பரிமாறுவது மாதிரி. ஆறு பேடாவது இருக்கட்டும். பேடு, தாங்கும் பிளேட்டை விடச் சுற்றிலும் சில மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளேட்டின் கெட்டியான விளிம்பு பெயின்டில் உரசும். வேறு கம்பெனி பிளேட்டை மாட்டும்போது மரை பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் கிடைக்கும் நாலு இன்ச் கிரைண்டர்களுக்குப் பெரும்பாலும் எம் 10, பெரிய பாலிஷ் மெஷின்களுக்கு எம் 14, அமெரிக்கச் சந்தைக்குச் செய்தவற்றுக்கு இன்ச் கணக்கில் வேறொன்று. டி.ஏ. மெஷினில் மரை பொருந்தினால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் எதிர் எடை, கூட வந்த பிளேட்டின் கனத்துக்கு ஏற்றபடி வைத்தது. அளவு மாறினால் கை மரத்துப்போகும் அளவுக்கு அதிரும்.

பாகத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதை எது பிடித்துக்கொள்கிறது? கண்ணாடிக் கூட்டை இடது கையில் பிடித்து வலது கையால் மெஷினை வைத்தால், பேடு ஓரத்தைக் கவ்விய நொடியில் கூடு பறந்துபோய்ச் சுவரில் இடிக்கும். அந்த பெயின்டர் ஈரத் துண்டைச் சுருட்டி வளையமாக வைத்து, அதில் கூட்டை அமுக்கி, மாஸ்கிங் டேப்பால் மேசையோடு ஒட்டினார். ஓரங்களுக்கும் அதே டேப். முதலில் நடுப்பகுதியை மெஷினால் முடித்தார். பிறகு டேப்பை உரித்து, ஓரத்தை விரலில் சுற்றிய துணியால் தேய்த்தார். மெஷின் இருந்தும் கை எதற்கு என்று கேட்டேன். “ஓரத்துக்கு என்னைக்கும் கைதான் சார்” என்றார்.

புல்லட் வைத்திருப்பவர்கள் டேங்க்கில் கை வைக்குமுன் தங்கக் கோட்டை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். ராயல் என்ஃபீல்டு டேங்க்கில் அந்தக் கோட்டைச் சென்னையில் தூரிகையால் கையாலேயே இழுத்துவந்தார்கள். கோடு நகத்தில் தட்டுப்பட்டால் அது மேலே இருக்கிறது என்று அர்த்தம். பேடு இரண்டு தடவை போனால் தேய்ந்துவிடும். கோட்டின் மேல் டேப் ஒட்டி, அதை ஒட்டிப் போகாமல் விரலளவு தள்ளியே நிறுத்திக்கொள்ளுங்கள். கிளியர் கோட் இல்லாத பழைய டேங்க் என்றால் பேடு வண்டியின் நிறத்துக்கு மாறும். அதற்குப் பதற வேண்டாம். கிளியர் கோட் உள்ள வண்டியில் பேடில் நிறம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். மேட் பெயின்டுக்கு மெஷினே கூடாது. அதில் ஒரு இடம் பளபளத்துவிட்டால் பழையபடி மங்க வைக்க முடியாது.

கடைசியில் பாரிமுனைப் பக்கம் ஒரு கடைக்குப் போனபோது, பழைய கண்ணாடிக் கூட்டைப் பையில் எடுத்துப்போனேன். காருக்குப் புதுக் கூடு மாட்டியாகிவிட்டது. இது இனிமேல் சோதனைக்குத்தான். கடைக்காரர் மேசையில் நாலு மெஷின்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் வாட்ஸையும் ஒப்பித்தார். நான் கூட்டை எடுத்து வைத்து, எல்லாவற்றையும் ஆகக் குறைந்த வேகத்தில் ஒரு தடவை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். விசையைத் தொட்டதும் எகிறிக் கிளம்பியவை இரண்டு, அவற்றை ஒதுக்கினேன். மூன்றாவது மெல்லத்தான் கிளம்பியது, ஆனால் கழுத்து தடித்திருந்ததால் கதவுக் கைப்பிடிக் குழிக்குள் நுழையாது. நாலாவதை எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் கூட்டைத் திருப்பிப் பார்த்து, “சார், இங்க ஒரு கறுப்புப் புள்ளி இருக்கே, இது நம்ம மெஷின் பண்ணதில்ல, பார்த்துக்குங்க” என்றார்.