மானஸ்தன் பட்டம் யாருக்கு? – கடனில் நொடித்தவரும் ஊர் வாயும்

சித்தூர் கடைவீதியிலோ திருப்பதி காந்தி ரோட்டிலோ ஒரு கடை காலை பத்து மணியாகியும் திறக்கவில்லை என்று வைத்துக் கொள்வோம். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். வீட்டுப் பக்கமிருந்து யாரோ சேதி கொண்டு வருவார்கள். கடன் தொல்லையால் முதலாளி இரவே உயிரை மாய்த்துக் கொண்டார் என்று தெரிந்ததும் வீதி முழுவதும் அதே பேச்சு.

அந்தப் பேச்சு எப்போதும் ஒரே வரிசையில்தான் நடக்கிறது. "எவ்வளவு கடனாம்?" என்பது முதல் கேள்வி. "யார் யாருக்குக் கொடுக்கணுமாம்?" என்பது இரண்டாவது. கடன் கொடுத்தவர்களில் ஒருவர் இழவு வீட்டுக்கே புரோநோட்டுடன் போய் நிற்பதும் உண்டு. மாலையில் ஊர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது: "என்ன இருந்தாலும் மானஸ்தன்யா. ஒருத்தர் முகத்தில் முழிக்க மனசு வரல, போயிட்டான்."

இதே வீதியில் இன்னொருவரும் நொடித்துப் போகிறார். அவர் வக்கீலைப் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதி, கோர்ட்டில் திவால் மனுக் கொடுக்கிறார். "ஐ.பி. பெட்டேசாடு" என்கிறார்கள் தெலுங்கர்கள். "மஞ்சள் கடிதாசி கொடுத்துட்டான்" என்கிறார்கள் தமிழர்கள். அவர் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. வீட்டில் பெண் இருந்தால் பேசி வைத்த கல்யாணமும் நின்றுவிடுகிறது.

செத்தவருக்கு மானஸ்தன் பட்டம். இருந்து கணக்குக் காட்டுகிறவருக்கு மோசக்காரன் பட்டம். இரண்டையும் கொடுப்பது ஊர்தான். கடன் நெருக்கடியில் தூக்கமின்றிப் புரண்டு கொண்டிருக்கும் மூன்றாவது ஒருவர் அதே வீதியில் இருக்கிறார். அவர் காதிலும் இந்தத் தீர்ப்புகள் விழுகின்றன. இதை ஊர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நொடிப்பது குற்றமா?

2022-ம் ஆண்டில் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலை செய்து கொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணப் பிரிவின் அறிக்கை கூறுகிறது. இவர்களில் 4.1 சதவீதம் பேரின் மரணத்துக்குத் திவால் அல்லது கடன் காரணமாகக் காட்டப்பட்டிருக்கிறது. அதாவது ஓர் ஆண்டில் சுமார் ஏழாயிரம் பேர். கடன் ஒன்று மட்டுமே ஒருவரை இந்த முடிவுக்குத் தள்ளுவதில்லை என்பார்கள் மனநல மருத்துவர்கள். மனச்சோர்வு, குடி, குடும்பத் தகராறு, அவமானம் எல்லாம் அதோடு சேர்ந்து கொள்கின்றன. இவற்றில் அவமானம் மட்டும் முழுக்க முழுக்க மற்றவர்கள் கையில் இருப்பது.

நஷ்டம் எல்லாமே ஊதாரித்தனத்தால் வருவதல்ல. இதற்குச் சித்தூர்க்காரர்கள் தொலைதூரம் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2025-ம் ஆண்டில் தோத்தாபுரி மாம்பழத்தின் விலை சரிந்தபோது, விவசாயிக்குக் கிலோவுக்கு 12 ரூபாயாவது கிடைக்க வேண்டுமென்று, கூழ் ஆலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தருவதாக ஏற்பாடு செய்ய வேண்டி வந்தது. தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவரோ, லாரி வாங்கி விட்டவரோ அந்தச் சரிவை எப்படித் தடுத்திருக்க முடியும்?

சொத்தை மனைவி, மைத்துனன் பேரில் மாற்றிவிட்டு மஞ்சள் கடிதாசி கொடுப்பவர்களும் இருக்கவே செய்கிறார்கள். அப்படி மறைப்பதைத் திவால் சட்டமே தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. அந்தச் சிலருக்காக எல்லாரையும் ஏசுவதுதான் தவறு.

சட்டம் தரும் வழி

சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய பெருநகரங்களுக்கு 1909-ம் ஆண்டுச் சட்டம். சித்தூர், திருப்பதி போன்ற ஊர்களுக்கு 1920-ம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம். கடனைத் தீர்க்க வழியில்லாதவர், கடன் 500 ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால், தாமே மனுச் செய்யலாம். கோர்ட் ஏற்றுக்கொண்டால் அவருடைய சொத்து ரிசீவர் வசம் போகும். விற்று வரும் தொகை கடன்காரர்களுக்கு விகிதாசாரப்படி பகிரப்படும். நேர்மையாக நடந்து கொண்டவர் பிறகு விடுதலை கேட்கலாம். அரசுக்குச் செலுத்த வேண்டியவை, மோசடியால் வந்தவை போன்றவை நீங்கலாக, பழைய கடன்களிலிருந்து அவருக்கு விடிவு கிடைக்கும்.

"வீட்டுப் பாத்திரத்தைக்கூட ஜப்தி செய்துவிடுவார்கள்" என்ற பயம் பலருக்கு உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவிகள் ஆகியவற்றை ஜப்தி செய்யக் கூடாது. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகையையும் தொடக் கூடாது. தாலி அதில் அடங்கும். சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் பாதுகாக்கப்பட்டவை. 16,000 ரூபாய் வாங்கும் குமாஸ்தாவிடம் சாதாரணக் கடனுக்காக மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் கோர்ட் பிடிக்க முடியாது.

"ஜெயிலுக்குப் போக வேண்டி வருமே" என்பது அடுத்த பயம். கொடுக்க வசதி இருந்தும் வேண்டுமென்றே ஏமாற்றாதவரை, ஏழ்மை ஒன்றுக்காக ஒருவரைச் சிறையில் வைக்க முடியாது என்று 1980-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். பணக் கடனுக்கான டிக்ரியில் பெண்களைக் கைது செய்யவே சட்டம் இடம் கொடுப்பதில்லை.

தகப்பன் பட்ட கடனுக்குப் பிள்ளை தலை கொடுக்க வேண்டும் என்ற பேச்சிலும் முழு உண்மை இல்லை. இறந்தவர் விட்டுச் சென்ற சொத்து எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. தகப்பன் கடனைத் தீர்ப்பது மகனின் புனிதக் கடமை என்ற பழைய இந்துச் சட்ட விதியையும் 2005-ம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. இழவு வீட்டில் விதவையிடம் புதிதாகக் கையெழுத்து வாங்க வருபவர்களை அக்கம்பக்கத்தார் தடுத்து நிறுத்தலாம்.

ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் நிலை வேறு. கடன் வாங்கியவர் இறந்தாலும் ஜாமீன்தாரரின் பொறுப்பு தீர்வதில்லை. ஆகவே மரணம் கடனைத் தீர்க்கிறது என்பது வெறும் நம்பிக்கை. ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு அது இடம் மாறுகிறது, அவ்வளவே.

காபிக் கடை முதலாளியின் கதை

பெரிய முதலாளிகளையும் இந்த அவமானம் விட்டு வைப்பதில்லை. சிக்கமகளூருக் காபித் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவர் வி.ஜி. சித்தார்த்தா. 1996-ல் பெங்களூர் பிரிகேட் ரோட்டில் முதல் 'கஃபே காபி டே' கடையைத் திறந்து, நாடெங்கும் கிளை பரப்பியவர். 2019 ஜூலை மாத இறுதியில் மங்களூர் அருகே அவர் காணாமற்போய், இரண்டு நாள் கழித்துச் சடலமாக மீட்கப்பட்டார். தொழிலில் தோற்றுவிட்டதாகவும், கடன் கொடுத்தவர்களின் நெருக்கடியைத் தாங்க முடியவில்லை என்றும் அவர் பெயரில் ஒரு கடிதம் வெளியாயிற்று.

நாடே இரண்டுபட்டுப் பேசியது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்தவர் என்று ஒரு பக்கம் புகழ்ந்தது. கணக்கில் என்ன கோளாறு என்று மறு பக்கம் துருவியது. கம்பெனியின் பங்கு விலை ஒரே நாளில் 20 சதவீதம் சரிந்தது.

அதன் பின் நடந்ததை இவ்வளவு பேர் கவனிக்கவில்லை. கம்பெனி, பெங்களூரிலிருந்த தன் தொழில்நுட்பப் பூங்காவைச் சுமார் 2,700 கோடி ரூபாய்க்கு விற்க ஏற்பாடு செய்தது. 2020 டிசம்பரில் மனைவி மாளவிகா ஹெக்டே தலைமைப் பொறுப்பை ஏற்றார். லாபமில்லாத கடைகள் மூடப்பட்டன. சுமார் ஏழாயிரம் கோடியாக இருந்த கடன் இரண்டு ஆண்டுகளில் இரண்டாயிரம் கோடிக்குள் இறங்கியது. வழக்குகள் அதற்குப் பின்னும் தொடர்ந்தன. ஆனாலும் கடனைக் குறைத்தது விற்பனையும் சிக்கனமும் பேச்சுவார்த்தையுமே. இவற்றில் எதற்கும் ஓர் உயிர் விலையாகத் தேவைப்படவில்லை.

இரண்டு மாநிலங்கள், இரண்டு சட்டங்கள்

'மௌன ராகம்', 'தளபதி' படங்களின் தயாரிப்பாளர் ஜி. வெங்கடேஸ்வரன் 2003 மே மாதம் தற்கொலை செய்து கொண்டபோது, சினிமா உலகின் வட்டிக் கொடுமை வெளிச்சத்துக்கு வந்தது. அடுத்த மாதமே தமிழ்நாட்டில் கந்து வட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டிக்கு எதிராக அவசரச் சட்டம் பிறந்தது. பின்னர் அது முழுச் சட்டமாயிற்று. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். கடன் வாங்கியவர் தற்கொலை செய்து கொண்டால், அதற்குச் சற்று முன் அவரைத் துன்புறுத்தியவரே தூண்டியவராகக் கருதப்படுவார் என்றும் அதில் உள்ளது. ஆனால் ஆற்காட்டில் செல்லும் அந்தச் சட்டம் சித்தூரில் செல்லாது. எல்லை தாண்டி வந்த தமிழர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். மிரட்டலும் அடாவடியாகப் பணம் பறிப்பதும் எந்த மாநிலத்திலும் குற்றமே. போலீசில் புகார் செய்ய அது போதும்.

ஆந்திரத்தில் வேறு வகையான தொல்லை. மகளிர் குழுக்களுக்கு வாரத் தவணையில் கடன் கொடுத்த நுண்கடன் நிறுவனங்கள், ஒருத்தி கட்டாவிட்டால் குழுவிலுள்ள மற்றப் பெண்களே அவள் வாசலில் நிற்கும்படி செய்தன. தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வரவே, 2010 அக்டோபரில் அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. வாரத் தவணைக்குப் பதில் மாதத் தவணை, வசூல் ஊராட்சி அலுவலகம் போன்ற பொது இடத்தில், வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்பவை அதன் விதிகள். வாசல் முற்றுகை ஓய்ந்தது. ஆனால் கடன் கொடுப்பதும் நின்று போய், பல பெண்கள் மீண்டும் பழைய வட்டிக்காரரிடமே போக நேர்ந்தது. ரிசர்வ் வங்கியில் பதிவான நிறுவனங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2023-ல் தெலங்கானா ஹைகோர்ட் தீர்ப்புக் கூறியது. கடன் வசூலிக்கக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. நுண்கடனுக்குக் காலை 9 முதல் மாலை 6 வரைதான்.

ஜப்பானில் ஒரு முன்னாள் முதலாளி

ஜப்பானில் 1998 முதல் ஆண்டுக்கு முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்து கொண்டனர். கடன், தொழில் முறிவு அதில் பெரும் பங்கு. 2006-ல் தற்கொலைத் தடுப்புக்கென்றே தனிச் சட்டம் இயற்றி, வட்டிக்கும் உச்சவரம்பு இறுக்கினார்கள். 2012-ல் எண்ணிக்கை முப்பதாயிரத்துக்குக் கீழே இறங்கிற்று.

அரசு செய்தது ஒரு பாதி. அகிதா என்ற ஊரில் ஹிசாவோ சாத்தோ என்பவரின் வியாபாரம் 2000-ம் ஆண்டில் திவாலாயிற்று. தன்னைப் போன்ற சிறு முதலாளிகள் உயிரை விடுவதைக் கண்ட அவர், 2002-ல் 'சிலந்தி நூல்' என்ற பொருளில் ஒரு சங்கம் தொடங்கினார். நொடித்தவர்கள் வந்தால் உட்கார வைத்து மணிக்கணக்கில் பேச்சைக் கேட்பார். பிறகு யாரை, எந்த அலுவலகத்தில் பார்க்க வேண்டும் என்று வழி சொல்வார். நொடித்துப் போனவர் என்பதே அங்கே அவருக்குத் தகுதியாயிற்று.

நாம் செய்யக் கூடியது

பிழைப்புக்காக வேற்று மாநிலம் வந்தவருக்கு நொடிப்பு இரட்டைச் சுமை. "ஊருக்கு எந்த முகத்தோடு போவது?" என்ற கேள்வி கூடுதலாக நிற்கிறது. அண்ணன், மாமன் பக்கத்தில் இல்லை. அந்த இடத்தில் இருப்பவர்கள் கூட வேலை பார்ப்பவரும் அடுத்த வீட்டுக்காரரும்தான்.

கணக்கு நோட்டைத் திறக்கவே பயப்படுகிறவர், போன் அடித்தால் திடுக்கிடுகிறவர், பிரியமான பொருள்களைத் தானமாகக் கொடுக்கிறவர், "நான் இல்லாவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறவர் – இவர்களைத் தனியே விடக் கூடாது. "உயிரை விடும் எண்ணம் வருகிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்கிறார்கள் மருத்துவர்கள். சொல்ல ஒரு ஆள் கிடைத்ததே என்று பாரம் இறங்குவதுதான் வழக்கம். முயன்று பிழைத்தவரைப் போலீஸ் பிடிக்கும் என்ற அச்சமும் இனி வேண்டாம். கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் கூறியது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் பழைய 309-வது பிரிவு இடம் பெறவில்லை.

14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் அரசின் 'டெலி மானஸ்' சேவையில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். தமிழும் தெலுங்கும் உண்டு. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய 'சினேகா'வின் எண் 044-24640050. கடன் வழக்குக்கு வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்குச் சித்தூர் கோர்ட் வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது. மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்த்துக் கொள்ளவும் வழி உண்டு.

கடன் கொடுத்தவரின் பணமும் வியர்வை சிந்திச் சேர்த்ததுதான். அவருக்கும் லாபம், கடன்காரர் உயிரோடிருந்து மாதம் ஆயிரமாவது கொடுப்பதில்தான். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1894-ல் திவாலானார். மறு ஆண்டு உலகச் சுற்றுப்பயணம் புறப்பட்டு ஊர் ஊராகப் பேசினார். 1896-ல் இந்தியாவுக்கும் வந்தார். 1898-க்குள் கடன்காரர்கள் அனைவருக்கும் முழுப் பணமும் கொடுத்துத் தீர்த்தார்.

நாளைக்குக் கடைவீதியில் ஒருவர் மஞ்சள் கடிதாசி கொடுத்தார் என்று சேதி வந்தால், டீக்கடையில் பேச்சை நிறுத்த வேண்டாம். "வாங்கண்ணே, உட்காருங்க" என்று ஒரு டீ சொல்லலாம். மானஸ்தன் என்ற பட்டத்தை ஊர் கொடுத்தே தீர வேண்டுமானால், வீதிக்குத் திரும்பி வந்து நிற்கும் அந்த மனிதருக்குக் கொடுக்கட்டும்.