ஆற்காட்டுச் சாலையும் கிளைவ் குடும்பத்தின் கருவூலமும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வாகன ஆலைகளின் சரக்கு லாரிகள் ஓயாமல் ஓடும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை, காஞ்சிபுரம் வழியாக ஆற்காட்டுக்குப் படைகள் சென்ற பழைய தடத்தை ஏறத்தாழ ஒட்டியே செல்கிறது. 1751 ஆகஸ்டில் ராபர்ட் கிளைவ் ஏறக்குறைய 200 ஐரோப்பியரையும் 300 சிப்பாய்களையும் நடத்திச் சென்று ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்ததும், 1757இல் பிளாசியில் வென்றதும், சாதாரண நிலக்கிழார் குடியில் பிறந்த அவருக்குப் பெருஞ்செல்வத்தையும் 1762இல் பிரபுப் பட்டத்தையும் ஈட்டித் தந்தன. அது அயர்லாந்துப் பிரபுப் பட்டம். பெயருக்கு முன் மதிப்பு உண்டு, லண்டன் பிரபுக்கள் சபையில் இருக்கை கிடையாது என்பது அதன் பொருள். காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு அவர் மகரகண்டி என்னும் கழுத்தணியைக் காணிக்கையாக்கினார் என்று கோயில் மரபு கூறுகிறது. இந்தக் குடும்பத்தின் பொருள் வரலாற்றில் இங்கேயே தங்கிவிட்ட நகை என்ற வகையில் அது தனித்தே நிற்கிறது. மற்றவை பெரும்பாலும் கப்பலேறின.

ராபர்ட்டின் மகன் எட்வர்ட் 1784இல் மணந்த ஹென்ரியட்டா ஹெர்பர்ட், வேல்ஸ் எல்லையிலுள்ள போவிஸ் கோட்டைக்குரிய பழம்பெரும் குடும்பத்தில் பிறந்தவர். கடனில் மூழ்கியிருந்த பழைய பட்டத்துக்குப் பணமும், புதுப் பணத்துக்குப் பட்டமும் அந்த மணத்தால் கிடைத்தன. 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநராயிருந்த எட்வர்ட், பதவி முடிந்த மறு ஆண்டே போவிஸ் பிரபுவானார்.

அவர் பதவிக்காலத்தில், 1799 மே 4 அன்று திப்பு சுல்தானின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. பிடிபட்ட கோட்டையின் செல்வத்தை மதிப்பிட்டுப் பதவிக்கேற்பப் படையினருக்குப் பங்கிடும் 'பரிசு முகவர்கள்', திப்புவின் தங்கத் தகடு போர்த்திய அரியணையைத் துண்டு துண்டாக உடைத்தனர். அதை முழுதாகவே இங்கிலாந்து மன்னருக்கு அனுப்ப விரும்பிய தலைமை ஆளுநர் வெல்லெஸ்லியின் எண்ணம் காலங்கடந்து போயிற்று. சிதறிய துண்டுகளுள், சிவப்புக்கல்லும் வைரமும் மரகதமும் இழைத்த சிறு புலித்தலை ஒன்று ஹென்ரியட்டாவைச் சேர்ந்தது. இத்தகைய பொருளைச் 'சேகரிப்பு' என்பது பெருந்தன்மையான சொல். பங்கு பிரித்த கொள்ளை என்பதே பொருந்தும். 1800இல் இரு மகள்களுடனும் இத்தாலிய ஓவியர் அன்னா டோனெல்லியுடனும் வேலூர், பெங்களூர், மைசூர் என நெடும்பயணம் செய்த ஹென்ரியட்டா, கனிமங்களையும் செடிவகைகளையும் திரட்டினார் என்பதையும் மறைப்பதற்கில்லை.

போவிஸில் கூர்ந்து பார்க்கத்தக்கது திப்புவின் கூடாரம். சாயம் நிலைக்கும்படி காரமேற்றி அச்சிட்டும் வரைந்தும் உருவாக்கும் சீட்டித் துணியாலான அதன் வெண்ணிறப் பலகங்கள் ஒவ்வொன்றிலும், வளைவின் கீழே ஒரு பூச்சாடியும் அதிலிருந்து கிளைத்தெழும் செந்நிறப் பூஞ்செடியும் உள்ளன. போர்க்களத்துக்கென அமைந்த அந்தக் கூடாரத்தைக் குடும்பத்தார் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாக்கினர். 1952இல் கோட்டை, நேஷனல் டிரஸ்ட் என்னும் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் வசமானது. 1987இல் அங்கு கிளைவ் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

சென்னையில் எட்வர்ட் விட்டுச் சென்றதோ கட்டடம். வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் வடிவமைத்து 1802இல் திறக்கப்பட்ட விருந்து மண்டபத்தின் இரு முகப்புகளுள் ஒன்று தந்தை வென்ற பிளாசியையும், மற்றது மகன் காலத்து ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் போற்றின. இன்று அதன் பெயர் ராஜாஜி மண்டபம்.