குழந்தை இருக்கும் வீட்டில் துப்பாக்கிப் பேச்சு

"அம்மா, நான் துப்பாக்கி சுடக் கத்துக்கப் போறேன்" என்று என் பிள்ளை சொன்னதும், தோசைத் திருப்பியை அப்படியே மேடையில் வைத்துவிட்டேன். எங்கள் படூரில் காலேஜ் பிள்ளைகள் கிரிக்கெட் மட்டை கேட்பார்கள், பைக் கேட்பார்கள். இது என்ன புதுசு?

என் பயத்துக்குக் காரணம் உண்டு. 2021 டிசம்பர் 30ஆம் தேதி, புதுக்கோட்டைப் பக்கம் நார்த்தாமலையில், தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் பயிற்சித் தளத்துக் குண்டு பாய்ந்தது. ஜனவரி 3ஆம் தேதி குழந்தை போய்விட்டது. தாயார் மனசு எப்படித் துடித்திருக்கும்!

"கொக்கு, குருவி சுடறதாடா?" என்றேன். "அதெல்லாம் 1972 சட்டத்தோட போச்சும்மா. இது பறக்கிற களிமண் தட்டு" என்றான். கொஞ்சம் நிம்மதி. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று கலெக்டரிடம் முறையிட்டு, 1798லேயே காப்பு வாங்கிய வேடந்தாங்கல்காரர்களின் ஜில்லா அல்லவா நம்முடையது!

ஒருநாள் நானும் கூடப் போனேன். பேர்தான் களிமண், தாரும் சுண்ணாம்புக்கல் பொடியும் சேர்த்த 11 சென்டிமீட்டர் தட்டு. மெஷின் வீசுகிறது, இவர்கள் சுடுகிறார்கள். "தட்டு தப்பினா ரவை எங்கே போகும்?" என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். (உப்புமா ரவை இல்லை, ஈய ரவை!) "நல்ல கேள்விம்மா. இருநூறு மீட்டருக்கு மேலேயும் போய் விழும். அதனால முன்னால அவ்வளவு தூரம் ஆள் நடமாட்டமே கூடாது. ரைபிள் குண்டுன்னா கிலோமீட்டர் கணக்கு" என்றார். தன் முறை வரும்வரை துப்பாக்கியை மடித்துத் திறந்தே வைத்திருக்க வேண்டும். காலி என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியணும். காலியானாலும் ஆளை நோக்கித் திருப்பக் கூடாது. சுடும் நொடி வரை விரல் விசைக்கு வெளியேதான். காதுக்கு அடைப்பு, கண்ணுக்குக் கண்ணாடி. பெண்பிள்ளைகளும் இதில் சளைத்தவர்கள் இல்லை; 2023ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் பெண்கள் அணி வெள்ளி வாங்கியது.

அங்கே எல்லாம் ஒழுங்கு. வீட்டில்தான் வந்தது வினை.

பிரசவத்துக்கு வந்த என் பெண்ணின் குழந்தைக்கு எட்டு மாசம். எது கிடைத்தாலும் வாய்க்குத்தான். மாமன்காரன் ஆசையாக ஒரு சிவப்புக் காலித் தோட்டாவை விளையாடக் கொடுத்துவிட்டான். பிடுங்கி எறிந்தேன். சுட்ட தோட்டாவில் ஈயத் தூசி ஒட்டியிருக்கும். பிஞ்சுகளின் மூளை வளர்ச்சியையே அது கெடுக்குமாம். சுட்டவர் கையிலும் சட்டையிலும் அதே தூசிதான். அன்றிலிருந்து சட்டம் போட்டுவிட்டேன்: வந்ததும் சோப்புப் போட்டுக் குளியல், அந்தத் துணி தனி வாளியில், அதுவரை குழந்தையைத் தொடக் கூடாது. துப்பாக்கி எங்கள் வீட்டில் இல்லை. லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை ஒரு பூட்டிலும் தோட்டாவை வேறு பூட்டிலும் வைத்து, சாவியைப் பிள்ளைகள் கண்ணில் காட்டாமல் இருக்கட்டும்.

போன ஞாயிறு 25 தட்டில் 9 உடைத்தானாம். வாயெல்லாம் பல்லாகக் குழந்தையைத் தூக்க ஓடி வந்தான். "முதல்ல பாத்ரூம்" என்றேன்.