சேர்ந்து செய்யும் வேலை – 9: அபிலீனுக்குப் போன குடும்பம்

எட்டுப் பேர் கூடிக் கயிறு இழுத்தால், ஆளுக்கு ஆள் தனியாக இழுப்பதில் ஏறக்குறையப் பாதியைத்தான் இழுக்கிறார்கள் என்ற ரிங்கல்மானின் கணக்கு சென்ற வாரத்தோடு முடிந்தது. இந்த வாரம் விமானியின் அறைக்குள் நுழைவதாகப் பேச்சு. அதற்கு முன் டெக்சாஸில் ஒரு வீட்டின் பின்புறத் தாழ்வாரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

ஊர் கோல்மன். ஜூலை மாதத்துப் பிற்பகல், வெப்பம் 104 டிகிரி ஃபாரன்ஹீட். காற்று மண்ணை வாரி வீட்டுக்குள் இறைக்கிறது. தாழ்வாரத்தில் மின்விசிறி சுழல்கிறது, குளிர்ந்த எலுமிச்சைச் சாறு இருக்கிறது. பின்னாளில் இதைக் கட்டுரையாக எழுதிய ஜெரி ஹார்வி, அவர் மனைவி, மாமனார், மாமியார் என நாலு பேரும் டாமினோ ஆடிக்கொண்டிருக்கிறார்கள். யாருக்கும் ஒரு குறையும் இல்லை. திடீரென மாமனார், அபிலீனுக்குப் போய் அங்குள்ள கஃபேடீரியாவில் சாப்பிட்டு வரலாமே என்கிறார்.

அபிலீன் 53 மைல். வண்டியோ ஏசி இல்லாத 1958ஆம் வருடத்து பியூக். நல்ல யோசனை என்றார் மனைவி. ஹார்விக்கு அடிமனதில் துளியும் விருப்பமில்லை. ஆனாலும் அத்தைக்குச் சம்மதமானால் தனக்கும் சம்மதம் என்றார். மாமியாரும், அபிலீன் போய் நாளாயிற்று, வராமல் இருப்பேனா என்று கிளம்பினார். வியர்வையில் புழுதி அப்பியது. சாப்பாடு வாயில் வைக்க விளங்கவில்லை. நாலு மணி நேரம், 106 மைல் அலைந்து வீடு திரும்பி, விசிறிக்கு முன்னால் பேச்சில்லாமல் உட்கார்ந்தார்கள்.

மௌனம் தாங்காமல், நல்ல பயணம் என்று ஹார்வி மரியாதைக்குச் சொல்லி வைத்தார். அங்கேதான் குட்டு உடைந்தது. தனக்குப் போக இஷ்டமே இல்லை, நீங்கள் மூவரும் ஆசைப்பட்டதால் வந்தேன் என்றார் மாமியார். மனைவியும் அதையே சொன்னார், ஹார்வியும் சொன்னார். கடைசியில் மாமனார் சொன்னதுதான் உச்சம். அவருக்கும் போகும் எண்ணம் இருந்ததில்லை. எப்போதோ வரும் மகளுக்கும் மருமகனுக்கும் பொழுது போகவில்லையோ என்று எண்ணிக் கேட்டு வைத்தாராம்.

அந்த டாமினோவை விட்டு எளிதில் நகர முடியவில்லை. ஹார்வி டாமினோ என்று மட்டும்தான் எழுதுகிறார். ஆனால் டெக்சாஸில் நாலு பேர் டாமினோவுக்கு உட்கார்ந்தால் பிரசித்தமான ஆட்டம் ஒன்று உண்டு. அதன் பெயர் 42. மொத்தம் 28 கட்டைகள், ஆளுக்கு 7. எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். நம் ஊர் 304 போலவே ஏலம் கேட்டு, துருப்பு வைத்து ஆடுவது. ஏழு சுற்றுக்கு 7 புள்ளி, குறிப்பிட்ட ஐந்து கட்டைகளுக்கு 35 புள்ளி, ஆகமொத்தம் 42. சீட்டாட்டம் பாவம் என்று நம்பிய பாப்டிஸ்ட் குடும்பத்துப் பையன்கள் இருவர், சீட்டு ஆடி அகப்பட்டுத் தண்டனை பெற்றபின் 1887இல் டாமினோ கட்டைகளை வைத்து இதை உருவாக்கினார்கள் என்பது அங்கே வழங்கும் கதை. 2011இல் டெக்சாஸ் இதை மாநிலத்தின் டாமினோ ஆட்டமாகவே அறிவித்தது. கூட்டாளியின் கையில் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது, ஜாடையும் காட்டக் கூடாது. ஊகித்துத்தான் ஆட வேண்டும். ஆட்டத்துக்கு அழகு சேர்ப்பதே அந்த விதிதான். அதே விதியைக் காருக்கும் அலுவலகத்துக்கும் கொண்டுபோனதில்தான் வினை.

ஹார்வி அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நிர்வாகவியல் பேராசிரியராக இருந்தவர். 1974இல் இந்தக் குடும்பப் பயணத்தை வைத்தே அவர் எழுதிய ‘அபிலீன் முரண்’ என்ற கட்டுரை நிர்வாகவியல் வகுப்புகளில் இன்றும் பாடம். கருத்து வேறுபாட்டைச் சமாளிக்கத் தெரியாமல் நிறுவனங்கள் கெடுகின்றன என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். ஹார்வி அதைத் தலைகீழாக்கினார். நால்வரும் போக வேண்டாம் என்பதில் ஒரே கருத்தாகத்தான் இருந்தார்கள். அந்த ஒற்றுமை அவர்களுக்கே தெரியவில்லை.

அவர் காட்டும் நிறுவன உதாரணம் நெஞ்சைச் சுடுவது. ஒரு கம்பெனியில் ஆராய்ச்சித் திட்டம் ஒன்று பணத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. அது தேறாது என்று தலைவருக்குத் தெரியும். நிறுத்தச் சொன்னால் துணைத் தலைவர் வேலையை விட்டுப் போய்விடுவாரோ என்று பயம். துணைத் தலைவருக்கும் அதில் நம்பிக்கை இல்லை. தலைவர் பிடிவாதமாக இருக்கிறார் என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார். ஆராய்ச்சி மேலாளர், இருவர் மனமும் கோணாதபடி வழவழவென்று அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். தனித்தனியாகக் கேட்டால் மூவருக்கும் ஒரே பதில். கூட்டத்தில் கூடினால் திட்டத்துக்கு மேலும் பணம்!

அதே கட்டுரையில் வாட்டர்கேட் ஊழலும் வருகிறது. அமெரிக்க அதிபர் நிக்சனின் மறுதேர்தல் குழுவில் இருந்தவர் ஹெர்பர்ட் போர்ட்டர். 1973இல் செனட் விசாரணையில், மனசாட்சி உறுத்தியும் ஏன் வாய் திறக்கவில்லை என்று அவரிடம் கேட்கப்பட்டது. குழுவோடு ஒத்துப்போகாதவன் என்ற பெயர் வந்துவிடுமோ என்ற பயம்தான் காரணமாக இருக்கும் என்று ஒப்புக்கொண்டார். பின்னர் எஃப்பிஐயிடம் பொய் சொன்ன குற்றத்தையும் ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்.

எல்லோருக்கும் ஓகேன்னா எனக்கும் ஓகே. நம் அலுவலகக் கூட்டங்களில் அன்றாடம் காதில் விழும் இந்த வாக்கியத்துக்கும் ஹார்வி தாழ்வாரத்தில் சொன்ன பதிலுக்கும் வித்தியாசமே இல்லை. பணிவு போலத் தோன்றினாலும் இது பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டுவது. ஹார்வி சொல்லும் வழி, சம்பந்தப்பட்ட எல்லோரும் கூடியிருக்கும்போதே தன் மனதில் உள்ளதைத் தன் கருத்தாகச் சொல்லிவிடுவது. கூட்டம் முடிந்து டீக்கடையில் புலம்புவது கணக்கில் சேராது.

ஒருவர் வாய் திறந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு சாலமன் ஆஷின் சோதனை பதில் சொல்கிறது. 1950களில் கோடுகளைக் காட்டி, எது சம நீளம் என்று அவர் கேட்டார். சுற்றியிருந்தவர்கள் வேண்டுமென்றே தவறாகச் சொன்னபோது, சோதனைக்கு உட்பட்டவர்களின் விடைகளிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவறாயின. உண்மை சொல்லும் ஒரே ஒரு துணை கிடைத்ததும் அந்தத் தவறுகள் முன்பு இருந்ததில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறைந்தன.

விமானி அறைக்கு இந்த வாரம் நேரமில்லை. அங்கே உண்மை தெரிந்த துணை இருந்தும் போதவில்லை. 1978 டிசம்பர் 28 மாலை, சக்கரம் சரியாக இறங்கியதா என்ற சந்தேகத்தில் ஒரு டிசி-8 விமானம் அமெரிக்காவின் போர்ட்லேண்டுக்கு மேலே ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுற்றிக்கொண்டிருந்தது. எரிபொருள் குறைவது சக ஊழியர்களுக்குத் தெரிந்திருந்தது. அதைக் கேப்டனின் காதில் உறைக்கும்படி சொன்னவர் இல்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்ததில் 10 பேர் இறந்தார்கள். சக்கரம் முன்பே சரியாக இறங்கிப் பூட்டிக்கொண்டிருந்தது. விவரம் அடுத்த வாரம்.