ஸ்வரங்களுக்கு ஒரு கண்ணாடி

சங்கராபரணம் வாசிக்கும் கணினிக்கு ஒரேயொரு கழித்தல் கணக்கைக் கொடுத்தால், அது தோடியின் ஸ்வரங்களை வாசிக்கத் தொடங்கும்.

மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேச 1983 முதல் 'மிடி' என்ற பொதுமொழி இருக்கிறது. அதில் ஒவ்வொரு கட்டைக்கும் 0 முதல் 127 வரை ஓர் எண். 60ஐ ஸட்ஜமாகக் கொண்டால் மேல் ஸட்ஜம் 72. இனி ஒவ்வோர் எண்ணையும் 132இலிருந்து கழியுங்கள். அந்தர காந்தாரம் 64, சுத்த தைவதமாகிறது (68). பஞ்சமம் 67, சுத்த மத்திமமாகிறது (65). ஏறிய மெட்டு இறங்கும், இறங்கியது ஏறும். இதுதான் சுருதியின் கண்ணாடி.

கர்நாடக இசையின் தாய் ராகங்களை அடுக்கும் மேளகர்த்தா அட்டவணை இந்தக் கண்ணாடிக்கு வாகாக அமைந்திருக்கிறது. சுத்த மத்திமமும் பஞ்சமமும் ஸ்தாயியின் நடுவிலிருந்து சம தூரத்தில் நிற்பதால், சுத்த மத்திமம் கொண்ட முதல் 36 மேளங்களில் எதைக் கவிழ்த்தாலும் அந்த 36க்குள்ளேயே விழும். ஹரிகாம்போஜி நடபைரவியாகும். இப்படி 15 ஜோடிகள். மீதி ஆறும் தமக்குத் தாமே பிம்பம்: தானரூபி, கோகிலப்ரியா, மாயாமாளவகௌளை, கரஹரப்ரியா, சாருகேசி, யாகப்ரியா. மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடும் குழந்தை முதல் நாளே சமச்சீரான ஓர் அளவைத்தான் பாடுகிறது. பிரதி மத்திமம் கொண்ட கல்யாணியோ கண்ணாடியில் பஞ்சமத்தை இழந்து, இரண்டு மத்திமங்களோடு அட்டவணைக்கு வெளியே போய்விடும்.

ஆனால் கிடைப்பது ஸ்வரஸ்தானங்கள் மட்டும், ராகம் அல்ல. மிடியில் கமகத்தைச் சுமப்பது சுருதி வளைவுக்கான தனிக் கட்டளை. அதையும் சேர்த்துக் கவிழ்க்காவிட்டால், மேலிருந்து வழுக்கி வரவேண்டிய ஜாரு கீழிருந்து ஏறி வரும்.

காலத்தையும் கவிழ்க்கலாம். 1747இல் பாக் தன் 'இசைக் காணிக்கை'யில், ஒருவர் முதலிலிருந்தும் மற்றவர் கடைசியிலிருந்தும் ஒரே வரியைச் சேர்ந்து வாசிக்கும்படி ஒரு நண்டு நடைக் கானனை எழுதினார். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே திருஞானசம்பந்தர், எழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்தாலும் அதே வரி வரும் மாலைமாற்றில் முழுப் பதிகமே பாடிவிட்டார்.

இங்கே மின்னிசைக்காரர் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும்: திருப்புவது ஸ்வர வரிசையையா, ஒலியையா? 'விகடகவி'யை எழுத்தெழுத்தாகத் திருப்பினால் அதே சொல் வரும். ஒலிப்பதிவைத் திருப்பினால் 'இவகடகிவ்' என்பது போலத்தான் கேட்கும். வீணை நாதம் மீட்டியதும் உச்சம் தொட்டு மெல்லத் தேயும். திருப்பினால் ஒன்றுமில்லாமையிலிருந்து வீங்கிச் சட்டென அறுபடும். அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சின்தசைசரை நிறுவிய 1969இல், ஒலியைத் திருப்ப நாடாவையே திருப்பி ஓட்டவேண்டியிருந்தது. இன்று ஒரு சொடுக்கு போதும்.

எளிதானதாலேயே ஓர் ஆபத்தும் உண்டு. சுருதிக் கண்ணாடியைக் காது நிற மாற்றமாக உடனே உணரும். காலக் கண்ணாடியையோ, வரி நீண்டுவிட்டால், அநேகமாகக் கவனிக்கவே கவனிக்காது. பின்னோக்கி நினைவுகூர்வது நமக்குக் கடினம். அதனால் திரும்பும் இடத்தில் ஒரு தாளத் தட்டோ மௌனமோ வைத்து அச்சைக் காட்ட வேண்டும். வரியும் குட்டையாக இருக்கவேண்டும்.

சோதித்துப் பார்க்கக் கலையகம் வேண்டாம். இலங்கையில் தலவில முதல் மன்னார் வரை ஆலயப் பாடகர் குழுக்கள் வாசிக்கும் மின் கீபோர்ட்டே போதும். நான்கு ஸ்வரங்களில் தொடங்குங்கள். கணக்கு பிம்பத்தைத் தரும், வைத்துக்கொள்வதா விடுவதா என்பதைக் காது சொல்லட்டும்.