ஆபீஸுக்குத் தெரிந்துவிடுமா?

எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் நாகர்கோவில் பெண் ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்தாள். கணவருக்கு ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. பாதி நாள் இரவு ஷிப்ட். "அங்கிள், அவங்க ரெண்டு மாசமா சரியா தூங்குறதே இல்ல. பிள்ளைகிட்டகூடப் பேச மாட்டேங்குறாங்க. கேட்டா எரிஞ்சு விழுறாங்க" என்றாள். இதற்கென்று கம்பெனியில் ஆலோசனை சேவை ஏதும் இல்லையா என்று கேட்டேன். "இருக்காம் அங்கிள். ஆனா ஆபீஸுக்குத் தெரிஞ்சா ப்ரமோஷன் போயிரும்னு பயப்படுறாங்க."

அது வீண் பயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1980-களில் தாணாவில் ஒரு தொழிற்சாலையில் நான் வெல்ஃபேர் ஆபீசராக இருந்தேன். 500 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலைகளில் அப்படி ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது அப்போது அமலில் இருந்த 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் விதியாக இருந்தது. என் அறை டைம் ஆபீஸுக்கு அடுத்தது. கண்ணாடிக் கதவு வேறு! யார் உள்ளே வந்தார், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்பதெல்லாம் கேன்டீன் டீ ஆறுவதற்குள் ஆலை முழுக்கப் பரவிவிடும்.

திருநெல்வேலிப் பக்கத்து டர்னர் ஒருவர், பி.எஃப். லோன் கேட்கிற சாக்கில் வந்து, குடியை விட முடியவில்லை சார் என்று அழுதார். ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அதோடு விட்டிருக்கலாம். கடமை என்று நினைத்துக்கொண்டு அவருடைய பர்சனல் ஃபைலில் இரண்டு வரி எழுதி வைத்தேன். மறு வருடம் சார்ஜ்மேன் பதவிக்கு அவர் பெயர் வந்தபோது, அந்த இரண்டு வரியைத்தான் மேலே இருந்தவர்கள் முதலில் படித்தார்கள். அதற்குப் பிறகு அவர் என் அறைப் பக்கமே வரவில்லை. எதிரே பார்த்தால் வணக்கம் சொல்வார், அவ்வளவுதான்.

இன்றைய ஏற்பாடு வேறு. குடிப்பழக்கமுள்ள தொழிலாளியை வேலையை விட்டு நீக்காமல் மீட்டெடுக்க அமெரிக்க ஆலைகளில் 1940-களில் வேரூன்றிய முறை இது. பிறகு கடன், குடும்பச் சண்டை, மனச்சோர்வு என்று விரிந்து இங்குள்ள பெரிய கம்பெனிகளுக்கும் வந்துவிட்டது. பெரும்பாலும் ஆலோசகர்கள் வெளி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். பணம் மட்டும் கம்பெனி கட்டும். எத்தனை பேர் பேசினார்கள் என்ற மொத்தக் கணக்குதான் வழக்கமாகக் கம்பெனிக்குப் போகும், பெயர் போகாது. என்றாலும் முதல் போனிலேயே, சொந்தக் கதையை ஆரம்பிக்கும் முன், "கம்பெனிக்கு என்ன தெரிவிப்பீர்கள், நீங்கள் எழுதும் குறிப்பு யாரிடம் இருக்கும்?" என்று கேட்டுவிட வேண்டும். கேட்பதில் வெட்கமில்லை. நாமாகப் போவது ஒன்று, மேனேஜர் அனுப்பிப் போவது இன்னொன்று. அவர் அனுப்பினால், ஆள் வந்தாரா இல்லையா என்ற தகவல் திரும்பப் போகலாம். அதற்கு நம்மிடம் சம்மதக் கையெழுத்து வாங்குவார்கள். நம்மவர்கள் சொஸைட்டி நோட்டீஸையே படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள், இதையாவது படியுங்கள்.

சட்டத்தின் துணையும் உண்டு. 2018 மே மாதம் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தை அவருடைய உரிமை என்கிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு நேரும் நிலை, கோர்ட் உத்தரவு போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "அவர் பேசாவிட்டால் நீ பேசேன் அம்மா" என்றேன். அவளுக்கு ஆச்சரியம். மனைவியும் பிள்ளைகளும் இதில் அடக்கம் என்பது பல வீடுகளில் தெரியாது; சில கம்பெனிகளில் பெற்றோருக்கும் உண்டு. மெடிகல் இன்ஷூரன்ஸ் காகிதங்களோடு கிடந்த சின்னப் புத்தகத்தில் போன் நம்பர் இருந்தது. அடுத்த தயக்கம் பாஷை. காய்கறிக்காரரிடம் பேசும் ஹிந்தியில் மனக்கஷ்டத்தை எப்படிச் சொல்வது? தமிழ் தெரிந்த ஆலோசகர் வேண்டும் என்று கேள் என்றேன். போனில்தானே பேசப்போகிறாள், அவர் எந்த ஊரில் இருந்தால் என்ன!

கம்பெனி வசதி இல்லாதவர்களுக்கு, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் இருக்கிறது. நம்பர் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். தினக்கூலிக்காரருக்கும் கடை வைத்திருப்பவருக்கும் இது போதும்.

அந்தப் பெண் இரண்டு முறை பேசினாளாம். மூன்றாவது முறை அவரே ரிசீவரை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாராம். என்ன பேசினார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சென்ற வாரம் லிஃப்டில் பார்த்தேன். தண்ணீர் டேங்கர் தகராறைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினார்.

ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் சங்க நூலகத்தில்தான் இருப்பேன். கம்பெனிக் காகிதம் புரியவில்லை என்றால் எடுத்து வாருங்கள், சேர்ந்து படிப்போம். இப்போதெல்லாம் நான் எதையும் எழுதி வைப்பதில்லை.