கொலஸ்ட்ரால் மாத்திரை கணையப் புற்றுநோய்க்கு மருந்தாகுமா?

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் லட்சக்கணக்கான வீடுகளில் போட்டுக்கொள்ளும் கொலஸ்ட்ரால் மாத்திரை கணையப் புற்றுநோயையும் அடக்கும் என்று அவ்வப்போது ஒரு செய்தி வரும். அது கைப்பேசிகளில் சுற்றும். நோயாளியின் பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2022-ல் உலகம் முழுவதும் சுமார் 5.1 லட்சம் பேருக்குக் கணையப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் அந்நோயால் இறந்தவர்கள் சுமார் 4.67 லட்சம் பேர். இந்த இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கி நிற்கும் புற்றுநோய்கள் மிகக் குறைவு. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் உறுப்பு என்பதால் கட்டி வளர்வது வெளியே தெரிவதில்லை. தெரியவரும்போது ஐந்தில் ஒருவருக்குத்தான் அறுவைச் சிகிச்சைக்கு வழி இருக்கும்.

இந்த நம்பிக்கை வெறும் வதந்தியில் பிறந்ததல்ல. அதற்குப் பின்னால் நல்ல உயிர்வேதியியல் இருக்கிறது. ஜப்பானின் சான்கியோ நிறுவனத்தில் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1973-ல் பெனிசிலியம் வகைப் பூஞ்சை ஒன்றில் ஸ்டேட்டின் எனப்படும் இந்த மாத்திரை வகையின் முதல் மருந்தைக் கண்டெடுத்தார். 1987-ல் லோவாஸ்டாட்டின் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இன்று நம் மருந்துச் சீட்டுகளில் இருக்கும் அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் அதே குடும்பம். உடல் கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் பாதையில், ஏறக்குறைய தொடக்கத்திலேயே உள்ள ஒரு நொதியை இவை தடுக்கின்றன. அந்தப் பாதை கொலஸ்ட்ராலோடு முடிந்துவிடுவதில்லை. வழியில் அதிலிருந்து கிளைகள் பிரிகின்றன. கிளை பிரியும் இடத்தில் உருவாகும் ஃபார்னெசில் என்ற எண்ணெய்த்தன்மை கொண்ட மூலக்கூறுதான் நம் கதைக்கு முக்கியம்.

கணையப் புற்றுநோய்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் கே-ராஸ் என்ற மரபணு பழுதாகியிருக்கும். அது உருவாக்கும் புரதம் செல்லுக்கு "பிரிந்து பெருகு" என்று ஓயாமல் கட்டளையிடும். ஆனால் செல்லின் நடுவே மிதந்துகொண்டிருந்தால் அந்தப் புரதத்தால் ஒன்றும் செய்ய முடியாது. செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வின் உட்புறத்தில் போய் ஒட்டிக்கொண்டால்தான் அதன் கட்டளை செல்லுபடியாகும். ஒட்டிக்கொள்வதற்கு அதன் வாலில் ஃபார்னெசில் பிணைய வேண்டும். நீரில் கிடக்கும் படகுக்கு நங்கூரம் போல. ஸ்டேட்டின் கொடுத்தால் ஃபார்னெசில் குறையும், நங்கூரம் அறுபடும், கே-ராஸ் செயலிழக்கும் என்பது கணக்கு. கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுச் செல்களில் இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே வந்தது.

மனித உடலில் வரவில்லை. ஃபார்னெசில் ஒட்டுவதையே நேரடியாகத் தடுக்கும் டிபிஃபார்னிப் என்ற மருந்தை, வழக்கமான கீமோதெரபி மருந்தான ஜெம்சிடபினோடு சேர்த்து 688 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2004-ல் முடிவு வெளியானது: டிபிஃபார்னிப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 193 நாள், பெறாதவர்களுக்கு 182 நாள். வித்தியாசம் இருந்ததாகச் சொல்ல முடியாது. கே-ராஸ் புரதம் ஃபார்னெசில் கிடைக்காதபோது ஜெரனைல்ஜெரனைல் என்ற இன்னொரு மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு சவ்வுக்குப் போய்விடுகிறது என்பது ஆய்வாளர்களுக்குப் பிடிபட்டது. ஸ்டேட்டின் ஆதரவாளர்களுக்கு இந்தத் தோல்வியே ஒரு வாதமாயிற்று. ஸ்டேட்டின் பாதையின் தொடக்கத்திலேயே கை வைப்பதால் இரண்டு மூலக்கூறுகளும் சேர்ந்து குறையுமே என்றார்கள். நியாயமான வாதம்தான்.

அதையும் கொரியாவில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2014-ல் வெளியான அந்த ஆய்வில், முற்றிய கணையப் புற்றுநோய் கொண்ட 114 பேருக்கு ஜெம்சிடபின் கொடுத்து, ஒரு பிரிவினருக்கு 40 மில்லிகிராம் சிம்வாஸ்டாட்டினும் மறுபிரிவினருக்கு வெற்று மாத்திரையும் தந்தார்கள். ஸ்டேட்டின் பெற்றவர்களுக்கு நோய் மீண்டும் முன்னேற ஆன காலம் 2.4 மாதம். வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கு 3.6 மாதம். இந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கலாம் என்பதால் மாத்திரை கெடுதல் செய்தது என்று முடிவுகட்ட முடியாது. நன்மை செய்யவில்லை என்பது மட்டும் தெளிவு.

கண்ணாடித் தட்டில் பலித்தது உடலில் ஏன் பலிக்கவில்லை? முதல் காரணம் அளவு. விழுங்கிய ஸ்டேட்டினில் பெரும்பகுதியைக் கல்லீரலே பிடித்துவைத்துக்கொள்கிறது. இதய நோய்க்கு அதுதான் வேண்டும். ஆனால் ரத்தத்தின் வழியே கணையக் கட்டியை எட்டும் அளவு, ஆய்வுக்கூடத்தில் செல்கள் மேல் ஊற்றிய அளவோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். அதை ஈடுகட்ட மாத்திரையைப் பல மடங்கு கூட்டினால் தசைகள் சிதையும். இரண்டாவது காரணம், கணையப் புற்றுச் செல் கொலஸ்ட்ராலை வெளியிலிருந்தும் வாங்கிக்கொள்ளும் என்பது. ரத்தத்திலிருந்து எல்.டி.எல். கொலஸ்ட்ராலை இழுக்கும் ஏற்பிகள் அதில் நிறைய இருப்பதை மார்செய் நகர ஆய்வாளர்கள் 2015-ல் காட்டினார்கள். ஸ்டேட்டின் கல்லீரல் செல்களில் இதே ஏற்பிகளைக் கூட்டித்தான் ரத்தக் கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது. உள்ளே உற்பத்தியை நிறுத்தினால் வெளியிலிருந்து கூடுதலாக வாங்குவது செல்களின் இயல்பு. புற்றுச் செல்லும் அப்படிச் சமாளிக்காது என்று எதை வைத்து நம்புவது?

இதைவிடக் கவலை தரும் முடிவு 2020-ல் பிலடெல்ஃபியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையம் சார்ந்த குழுவிடமிருந்து வந்தது. கே-ராஸ் பழுதாகி, பி53 என்ற காவல் மரபணுவும் முற்றிலும் அழிந்த எலிகளுக்கு ஸ்டேட்டின் கொடுத்தபோது, சுரப்பி வடிவில் இருந்த கட்டிகள் கட்டுக்கோப்பு இழந்து, எளிதில் பரவும் வேறொரு வகையாக மாறின. ஸ்டேட்டின் போட்டுவந்த நோயாளிகளின் கட்டிகளிலும் அந்தச் சாயல் கூடுதலாகத் தெரிந்ததாக அதே ஆய்வு சொல்கிறது. எலிக்கு நேர்ந்தது அப்படியே மனிதருக்கு நேரும் என்பதில்லை. ஆனாலும் "பக்கவிளைவு குறைந்த மாத்திரைதானே, போட்டுப் பார்ப்போம்" என்பவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் ஸ்டேட்டின் போட்டுக்கொண்ட நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்ததாக மருத்துவமனைப் பதிவேடுகளை அலசிய ஆய்வுகள் சொன்னது பொய்யா? பொய்யல்ல, கணக்கிட்ட விதத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. புற்றுநோய் கண்டறியப்பட்டு எட்டாவது மாதம் ஒருவர் ஸ்டேட்டின் தொடங்கினால், அவர் அந்த எட்டு மாதம் உயிரோடு இருந்தார் என்பது முன்பே உறுதி. மூன்றாம் மாதமே இறந்தவருக்கு மாத்திரை தொடங்கும் வாய்ப்பே கிடைக்காது. அவர் "ஸ்டேட்டின் போடாதவர்" பட்டியலில் சேர்ந்துவிடுவார். மாத்திரை ஒன்றுமே செய்யாவிட்டாலும் போட்டவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத்தான் கணக்கு காட்டும். ஓரிரு ஆண்டுகூட நிச்சயமில்லாத நோயில் இந்தப் பிழை பூதாகரமாகும். சீட்டுக் குலுக்கி இரு பிரிவாகப் பிரித்துச் சோதிப்பதைத் தவிர இதற்கு நல்ல மாற்று இல்லை.

என் கணிப்பில் ஸ்டேட்டினுக்கு உண்மையான வாய்ப்பு இருப்பது சிகிச்சையில் அல்ல, தடுப்பில். 2024-ல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள், நாள்பட்ட அழற்சியைப் புற்றாக மாற்றத் துணைபோகும் இன்டர்லூகின்-33 என்ற புரதத்தின் உற்பத்தியைப் பிடாவாஸ்டாட்டின் அடக்குவதைக் கண்டார்கள். எலிகளில் கணைய அழற்சியும் அதைத் தொடர்ந்து வரும் புற்றும் குறைந்தன. இது தமிழகத்துக்குத் தொடர்பில்லாத சேதி அல்ல. மதுப் பழக்கமே இல்லாத இளைஞர்களுக்குக் கணையத்தில் கல் விழுந்து சர்க்கரை நோயும் வரும் வெப்பமண்டலக் கணைய அழற்சி, தமிழகத்திலும் கேரளத்திலும் நீண்டகாலமாக அறியப்பட்டது. அந்த நோயுள்ள 185 பேரைச் சென்னை மருத்துவர்கள் பின்தொடர்ந்து 1994-ல் வெளியிட்ட ஆய்வு, அவர்களுக்குக் கணையப் புற்றுநோய் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று காட்டியது. இப்படிப்பட்ட நோயாளிகளிடம்தான் மலிவான ஸ்டேட்டினை முறையாகச் சோதிக்க வேண்டும். காப்புரிமை முடிந்த மாத்திரைக்காகப் பெரிய சோதனை நடத்த எந்த நிறுவனத்துக்கும் லாப நோக்கம் இருக்காது. அரசுப் பணத்தில்தான் அது நடக்க முடியும், நடக்க வேண்டும்.

அதுவரை, இதயத்துக்காக ஸ்டேட்டின் போடுபவர்கள் இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிட வேண்டாம். மாரடைப்பைத் தடுப்பதில் அதன் பலன் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமானது. கணையப் புற்றுநோய் உள்ளவர்கள் தாங்களாகத் தொடங்கவும் வேண்டாம். கணைய அழற்சி உள்ளவர்கள் மதுவையும் புகையையும் இன்றே விட்டுவிடுங்கள். ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று சர்க்கரை நோய் வந்து, காரணமில்லாமல் எடையும் குறைந்தால், சர்க்கரை மாத்திரை வாங்கியதோடு நின்றுவிடாமல், கணையத்தை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.